மருந்தின் வாலில் ஒரு விளக்கு

ஊருக்கெல்லாம் ஏட்டையாவாகவும் எங்கள் இரண்டு பேருக்கு அப்பாவாகவும் இருந்த உங்களுக்கு,

மேலகரம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வெளியே சாரல் விடவே இல்லை. துணி காயவில்லை என்று அம்மா உள்ளே மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் சொல்ல இரண்டு செய்திகள் இருக்கின்றன. இத்தனை வருடமாக நான் மல்லுக்கட்டிய அந்த மூலக்கூறு கடைசியில் ஒளிர்ந்துவிட்டது. அப்புறம், தம்பி என்னோடு பேசுவதில்லை.

முதல் செய்திக்குச் சந்தோஷப்பட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்குச் சோர்வாக இருக்கிறது அப்பா. ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினோம், இன்னும் சில சோதனைகள் செய்து காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செய்ய வேண்டும். அதற்குப் பெங்களூர் ஆய்வகத்துக்குத் திரும்ப டிக்கெட் எடுக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.

நீங்கள் இருந்தபோது என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "எம் பொண்ணு மருந்துக்கு லைட்டு போடுதா." ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லுங்களேன் என்றால், "அதச் சொன்னா எவனுக்குட்டி புரியும்?" என்பீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இப்போது புதிதாக வரும் மாணவர்களுக்கு நானே அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

உங்கள் காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் கிடந்த நீல இன்ஹேலரில் ஒரு மருந்து இருந்ததல்லவா? அது மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசைகளுக்குப் போய், அங்குள்ள செல்களின் வெளிப்புறத்தில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் இறுகிய குழல் தளரும், மூச்சு வரும். அந்தப் புரதத்தைத்தான் ரிசப்டர் என்கிறோம். அது செல்லின் மேல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எப்போது காணாமல் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக, அதே இடத்தைப் போய்ப் பிடிக்கும் ஒரு மூலக்கூறைச் செய்து, அதன் வாலில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டிவிடுவதுதான் என் வேலை.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் உயிர் போகிறது. சாயம் மருந்தைவிடப் பெரியது. ஒட்டிக் கட்டினால் மருந்துப் பகுதியால் ரிசப்டருக்குள் நுழைய முடியாது. நடுவில் நீளமாக ஒரு வால் வைத்துக் கட்டினால் அந்த வால் எண்ணெய்ப் பிசுக்காகி, செல்லின் மேல் கண்ட இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். வாலைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றினால் சாயம் மங்கும். சாயத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. ஒன்றைச் செய்து, சுத்தம் பண்ணி, செல்லில் விட்டுப் பார்க்கவே மாசக்கணக்கில் ஆகும். நீங்கள் பார்த்த பகவதிக்கு நரை கிடையாது. இப்போது வந்து என்னைப் பார்த்தால் அம்மாவின் தங்கச்சி என்று நினைப்பீர்கள்.

இதில் பெரிய ஏமாற்றே வெளிச்சம்தான். சும்மா ஒட்டிக்கொண்டதும் மைக்ராஸ்கோப்பில் அழகாகத்தான் ஒளிரும். அதனால் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். சாயமில்லாத சாதாரண மருந்தை முதலில் நிறைய விட்டு ரிசப்டர்களை எல்லாம் நிரப்பிவிட வேண்டும். பிறகு நம் மூலக்கூறை விட்டால் அதற்கு உட்கார இடம் இருக்காது, ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் பொய். இதைக் கன்ட்ரோல் என்போம். கன்ட்ரோல் இல்லாத ஒரு படத்தைக்கூட நான் நம்ப மாட்டேன். சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கன்ட்ரோலும் ஒளிர்வதைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்த நாட்கள் எத்தனையோ.

குற்றாலத்தில் சீசன் வந்தால் உங்களுக்கு அருவி டூட்டி. எண்ணெயும் ஈரமுமாக வழுக்கும் கூட்டத்தைப் பேரருவியில் வரிசையில் நிறுத்துவது, தண்ணீர் கூடினால் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றுவது. ஆஸ்துமா இளைப்பு இருப்பது மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் அருவியிலிருந்து எடுத்து மேசை வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று உங்களுக்குப் பயம். பாறைப் பக்கம் திரும்பி, முகம் துடைப்பதுபோல நீல இன்ஹேலரை இழுத்துவிட்டு, மறுபடி கூட்டத்தைப் பார்த்து விசிலடிப்பீர்கள். கூட நின்ற போலீஸ்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

தினமும் இழுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த பழுப்பு இன்ஹேலர் பீரோவுக்கு மேலேயே கிடந்தது. "அத இழுத்தா ஒண்ணும் தெரியலட்டி. நீலந்தான் ஒடனே கேக்குது" என்பீர்கள். ஊரில் பாதிப் பேர் செய்கிற தப்புதான் இது. இழுத்ததும் மூச்சு திறந்தால்தான் மருந்து. உள்ளே இருக்கும் வீக்கத்தைச் சத்தமில்லாமல் குறைக்கிற மருந்துக்கு நம்மிடம் மரியாதை கிடையாது. போதாக்குறைக்கு, அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அதில் போய் நின்றால் நெஞ்சுச்சளி எல்லாம் ஓடிவிடும் என்று சொல்ல ஆட்கள் வேறு.

அந்தக் கடைசி சீசனில் நீலமும் கேட்கவில்லை. "எத்தன தடவ இழுத்தாலும் கேக்க மாட்டேங்குட்டி, ஏன்?" என்று போனில் கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். சீசன் முடியட்டும் என்றீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாறையோரமாகச் சாய்ந்தீர்கள், அங்கேயே மூச்சு நின்றுவிட்டது. குற்றாலத்திலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஜீப் நம் வீட்டைத் தாண்டித்தான் போனது. அம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அருவியில் வழுக்கி விழுந்த யாரையோ கொண்டுபோகிறார்கள், பாவம் என்று நினைத்தாளாம்.

இந்த வருடம் ஒரு வால் சரியாக அமைந்தது. கன்ட்ரோலில் ஒளிரவில்லை, மற்றதில் ஒளிர்ந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், மாறவில்லை. இது செல்லுக்குள் போகாது, வெளியே இருக்கும் ரிசப்டரை மட்டும் காட்டும். அடுத்து, ஒரு தட்டுச் செல்களை நீல இன்ஹேலர் வகை மருந்திலேயே ஊறப் போட்டு வைத்தேன். பிறகு கழுவிவிட்டு நம் மூலக்கூறை விட்டேன். மருந்து படாத செல்களின் ஓரமெல்லாம் பச்சைக் கோடு நன்றாகத் தெரிந்தது. மருந்திலேயே கிடந்த செல்களில் அந்தக் கோடு தேய்ந்து போயிருந்தது.

மருந்து ஓயாமல் வந்துகொண்டே இருந்ததால் ரிசப்டர்கள் செல்லுக்குள் போய்விட்டன; வெளியே பிடிக்க ரிசப்டர் குறைந்தால் மருந்தும் சரியாகக் கேட்காது. இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை அப்பா. இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது, நானும் படித்துப் பரீட்சை எழுதியதுதான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது, போனில் நீங்கள் "ஏன்?" என்று கேட்டது காதில் விழுந்தது. இருட்டறையில் உட்கார்ந்து அழுதேன். விளக்கை வைத்துப் பார்க்கப் பார்க்கச் சாயம் மங்கிக்கொண்டே போகும், அதனால் அழுகையை நிறுத்திவிட்டு முதலில் படத்தை எடுத்து வைத்தேன்.

இப்போது தம்பி விஷயம். கொம்பையா தேர்வெழுதிப் போலீஸில் சேர்ந்தது, செல்வியைக் கட்டிக்கொண்டது எல்லாம் நீங்கள் பார்க்காதது. அவனுக்கும் இளைப்பு வந்துவிட்டது. அவனும் கேட்டு வாங்கி அருவி டூட்டிக்குத்தான் போகிறான். அவன் பையிலும் நீலம். டாக்டர் கொடுத்த பழுப்பு, பிரிக்காத அட்டைப்பெட்டியோடு, அதே பீரோவுக்கு மேலே. இதைச் செல்விதான் எனக்குப் போனில் சொன்னாள். மறுநாளே ரயில் ஏறினேன்.

வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அந்தப் படங்களைக் காட்டினேன். அவன் திரையருகே குனிந்து பார்த்தான்.

"இது அப்பா நெஞ்சா?"

"இல்லலே. லேபுல வளக்குத செல்லு."

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பழுப்பு இன்ஹேலரை எடுத்திருப்பான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தட்டில் இருக்கும் செல் மனுஷ நெஞ்சு ஆகாது, உங்களுக்குள் என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் படம் இல்லை. "தெரியாதுலே" என்றேன்.

"தெரியாததுக்கு எதுக்கு என்னைய பயங்காட்டுத?"

செல்விதான் கேட்டாள். "மைனி, உள்ள போனது திரும்ப வெளிய வருமா?"

"வரும். மருந்தக் கழுவிட்டு நேரம் குடுத்தா நெறைய திரும்பி வருது. பழுப்ப தெனமும் இழுத்தான்னா இவனுக்கு நீலம் இந்த அளவு தேவப்படாது."

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். "சரி, சீசன் முடியட்டும், பாப்போம்" என்றான். உங்கள் வார்த்தை அப்பா. அதே இழுப்போடு சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை நான் பேரருவிக்குப் போனேன். நல்ல கூட்டம், தண்ணீரும் ஜாஸ்தி. அவனைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை, பாறைப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். இழுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தான். மறுபடியும். பிறகு திரும்பி விசிலை வாயில் வைத்து ஊதினான், பாதியிலேயே நின்றுபோனது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் எதையும் கவனிக்கவில்லை.

ஆய்வகத்தில் கன்ட்ரோல் இல்லாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். தம்பிக்கு எங்கே போய்க் கன்ட்ரோல் வைப்பது? பழுப்பை இழுக்கும் ஒரு கொம்பையா, இழுக்காத ஒரு கொம்பையா என்று இரண்டு பேரா இருக்கிறார்கள்? நேரே காவல் கூடாரத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் நான் யார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உங்களுடையதும் சேர்த்து.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏட்டையாவுக்கும் இருந்துச்சா? நானும் அவரும் ஒண்ணா டூட்டி பாத்துருக்கோம். ஒரு வார்த்த சொல்லலையேம்மா" என்றார்.

அங்கிருந்தே தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூக்கில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இனி டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரைக்கும் அருவிப் பக்கம் வரக் கூடாது, ஸ்டேஷனில் மேசை வேலை என்று உத்தரவு. வீட்டுக்கு வந்தவன் தொப்பியைக் கட்டிலில் எறிந்தான்.

"எல்லாவனுக்கும் முன்னால என்னைய நோயாளி ஆக்கிட்டல்லா? அது அப்பா நின்ன எடம், தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்லே. அங்கனதான செத்தாரு."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதன்பிறகு நான் கூடத்துக்கு வந்தால் அவன் முற்றத்துக்குப் போகிறான். நான் பரிமாறினால் சாப்பிட மாட்டான். "ஒரு வயித்துல பொறந்ததுக இப்படி நிக்குதே" என்று அம்மா புலம்புகிறாள். நான் செய்தது சரியா அப்பா? நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்களைப் பற்றி இப்படிப் போய்ச் சொல்லியிருந்தால் நீங்களும் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

ஆனால் பழுப்பை இழுக்கிறான். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தானே அருவிக்குத் திரும்பப் போக முடியும், அந்த வீம்பு. "கோவத்துலயே இழுக்காங்க மைனி, எம் மூஞ்சியக்கூட பாக்க மாட்டேங்காங்க" என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கோபத்தில் இழுத்தாலும் மருந்து உள்ளேதானே போகிறது.

இன்று காலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் கதவோரமாக நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறவில்லை, இறங்கவில்லை. சாதாரணமாக, நம் எல்லாரையும்போல, மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பெங்களூரில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தபோது வராத நிம்மதி எனக்கு அப்போதுதான் வந்தது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த சீசனில் அவன் மறுபடி விசிலோடு அங்கே நிற்பான். நானும் வந்து கூட்டத்தோடு நிற்பேன். அவன் பாறைப் பக்கம் திரும்பினால், மறுபடியும் போய்ச் சொல்வேன். அதற்கடுத்த சீசனிலும் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. ஆயுசு முழுக்க அவன் என்னோடு பேசாமல் இருக்கட்டும் அப்பா. ஆயுசு முழுக்க இருக்கட்டும்.

தம்பியைக் காட்டிக்கொடுத்த
உங்கள் மகள்,
பகவதி