குனியாமல் படித்த எழுபத்தைந்து

அன்புள்ள என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முட்டி மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், முழுசாகப் படி. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். முட்டி வலியால் அடுத்த மாதம் முதல் என்னை வார்டிலிருந்து ரெக்கார்டு ரூமுக்கு மாற்றுவதாகத் தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் நோயாளிகளோடு வாயாடியவளுக்குக் காகிதக் கட்டுகளோடு என்ன பேச்சு? அழுதேன்டி. ஆனால் என் மேல் தப்பில்லாமல் இல்லை. நோயாளியின் சிறுநீர் குழாய் வழியாக இறங்கும் அளவுப் பெட்டி கட்டிலுக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே தூக்கினால் திரும்ப உடம்புக்குள் போய்விடும். மணிக்கொரு தரம் குனிந்து, அதில் வெளிறிய நீலத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். நான் குனிவதை விட்டு மூன்று மாதம். நின்றபடியே எட்டிப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினேன். போன மாதம் ஒரு லாரி டிரைவருக்கு இருபது மில்லிதான் இறங்கியிருந்தது, நான் அறுபது என்று எழுதினேன், அடுத்த மணியும் அப்படியே. அவ்வளவு குறைந்தால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சின்ன டாக்டர் தற்செயலாகக் குனிந்து பார்த்ததால் மனுஷர் தப்பித்தார். பெட்டியில ஏதோ கோளாறு போல என்று டாக்டரே சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை.

உன் அப்பாவிடம் மட்டும் உளறிவிட்டேன். அதே ஆஸ்பத்திரியில் கட்டில், சக்கரம், தராசு எல்லாம் பழுது பார்க்கிறவராயிற்றே. திட்டுவார் என்று பார்த்தால், உன்னால குனிய முடியலன்னா அது உன்ன நிமிந்து பாக்கட்டுமே என்றார். பெட்டி சாய்ந்து மேலே பார்க்கிற மாதிரி ஒரு கொக்கி வளைத்தார், உள்ளே தெரிகிற அந்தப் பெட்டியின் பின்பக்கம் மஞ்சள் பட்டையில் கொட்டை எழுத்தில் கறுப்பு எண்கள் ஒட்டினார். சாய்த்ததும் பழைய கோடுகளெல்லாம் பொய் சொல்ல ஆரம்பித்தன! அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தப் புதுப் பெட்டியைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தொங்கவிட்டு, சிரிஞ்சால் பத்துப் பத்து மில்லியாக டீத் தண்ணீர் ஊற்றிப் புதுக் கோடு போட்டோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், நான் நீட்டிய டீயைப் பார்த்தாள், வீட்டுல வேலை இருக்கு என்று ஓடியே போனாள். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

தலைமை நர்ஸ் ஒரு வாரம் ஆறு கட்டில்களில் மாட்டிப் பார்க்க விட்டார். நேற்று கூட்டம். இருக்கறதே நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்தணும் என்று பெரிய டாக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னால் ரெக்கார்டு ரூம்கூட மிஞ்சாது, வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனது ஆகட்டும் என்று எழுந்து, கோளாறு பெட்டியில இல்ல சார், என்கிட்டதான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு, முட்டி வலியே இல்லாத சின்னப் பெண் ஒருத்தி, நானும் அவசரத்துல குத்துமதிப்பாதான் எழுதறேன் சார் என்றாள். அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கடைசியில் தலைமை நர்ஸே, நானும் அந்தக் காலத்துல அப்படித்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, வாங்கிக்கொண்டேன், அது நியாயம்தான். நாற்பது கட்டிலுக்கும் கொக்கி செய்ய அப்பாவுக்கு உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த மாத டூட்டிப் பட்டியலில் என் பெயர் வார்டில்தான்!

நீ தினமும் கொஞ்சம் நட. இந்த முட்டி பரம்பரைச் சொத்து, உன்னையும் தேடி வரும். உன் வேலையில் தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, என்னைப் போல ஒரு மாதம் சுமக்காதே. எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும்.

இன்று காலை பரிசோதனைக்கு வந்த அந்த லாரி டிரைவர் எங்கள் வார்டுக்கும் வந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டில் பெட்டியை நின்றபடியே பார்த்து, எழுவத்தஞ்சு, சரியா சிஸ்டர் என்றார். சரியாக எழுபத்தைந்து. எழுதிக்கங்க என்றார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா