வெயிலில் இரண்டு வெள்ளை

கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. நீ சொன்னபோது நான் நம்பவில்லை. "கண்ணுல ஊத்துனா வாயில எப்படிடி கசக்கும்?" என்று சிரித்தேன். கசக்கத்தான் செய்கிறது. இப்போதுதான் கண் கிளினிக்கிலிருந்து கடைக்கு வந்தேன். கண்மணி விரிந்துகிடப்பதால் வெளிச்சம் கேட்பாரில்லாமல் உள்ளே வருகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாது, கத்தரியைத் தொட்டால் யார் துணியாவது பாழாகும். எழுத்து மட்டும் கோணல்மாணலாக வருகிறது. அதிலும் இரண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேன்.

இந்தப் பரிசோதனைக்கு நாள் வாங்கிக் கொடுத்தவள் நீதான். நீ இருந்தபோது இரண்டு முறை தள்ளிப்போட்டேன். "போனியா, போனியா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ போய் இரண்டு மாதம் கழித்துப் போயிருக்கிறேன்.

அங்கே சுவரில் நீளமாக ஒரு படம் மாட்டியிருந்தார்கள். ஒரு கோடியில் ரேடியோ அலை, அடுத்து மைக்ரோவேவ், அப்புறம் சூடாக மட்டும் உணர்கிற அகச்சிவப்பு. மறுகோடியில் புற ஊதா, எக்ஸ்ரே, காமா. எல்லாம் ஒரே குடும்பம்தானாம், அலையின் நீளம்தான் வேறாம். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வானவில். மனிதர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. இருபத்தாறு வருஷம் நாம் இரண்டு பேரும் முட்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு விரல் அகலத்துக்குள்ளே.

நான் வெட்டுவேன், தைப்பேன். சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, லைனிங், நூல் எல்லாம் பார்த்துப் பொருத்துவது உன் பங்கு. கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நீ ஒருநாளும் நிறம் பார்த்ததில்லை. "டியூப்லைட்டு பாதி நெறத்தத் தின்னுரும், வெளிய வாடி" என்று என்னைப் பாதித் தையலில் எழுப்பி, கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையைத் தாண்டி வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவாய். நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே வருவேன். துணிக்கென்று தனியாக நிறம் கிடையாது. விழுகிற வெளிச்சத்தில் எதை விழுங்காமல் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் நிறம். சூரியனிடம் எல்லா நிறமும் இருக்கிறது, விளக்கில் சிலது குறைகிறது. இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ படிக்காமலே வெயிலுக்கு ஓடினாய்.

லூபோக் சீனா ஊரிலிருந்து வந்த அந்தப் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டுச் சேலை கொண்டுவந்தாள். நீ ரவிக்கைத் துணி வாங்கி வந்து, வழக்கம்போல வெயிலில் சேலைமேல் போட்டாய்.

"ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்குலா, பாரு."

பார்த்தேன். சேலை நீலம் போட்டு வெளுத்ததுபோல் பளீரென்று இருந்தது. ரவிக்கைத் துணியோ பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டாற்போல இருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியவில்லை.

என்ன விஷயம் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. என் அம்மாவுக்குக் கண்புரை வந்தபோது இதே கூத்துதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுத்து மஞ்சளாகிவிட்டால், வானவில்லின் சிவப்புப் பக்கம் உள்ளே போகும், நீலமும் ஊதாவும் வாசலிலேயே நின்றுவிடும். இந்தக் காலத்து வெள்ளைத் துணிக்கு ஒரு மருந்து போடுகிறார்கள். வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை அது வாங்கி, நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். பளீரென்று தெரிவது அதனால்தான். அன்று வெயில் சரியாகத்தான் விழுந்தது, துணியும் சரியாகத்தான் திருப்பி அனுப்பியது. அந்த நீலம் உன்னிடம் வந்து சேரவில்லை.

"ஆமாண்டி, ஒரே வெள்ளைதான்" என்றேன்.

நான்கு மணி பஸ்ஸில் நீ செலண்டாரில் உன் வீட்டுக்குக் கிளம்பியதும் துணிக்கடைக்கு ஓடினேன். சரியான வெள்ளையை வாங்கித் தைத்து வைத்தேன். அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா, எங்கண்ணு இன்னும் கெடல!" என்று நீ என் தோளில் தட்டினாய். அதன் பிறகு அதுவே என் பிழைப்பாகிவிட்டது. நீ கருப்பென்று எடுத்த கருநீலத்தை மாற்றினேன், சாம்பல் என்று எடுத்த ஊதாவை மாற்றினேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு மூன்று வேளையும் கிடைத்தது, பல நாள் நீ கட்டிக்கொண்டுவந்த நாசி லெமாக் சோறு.

உன் மனம் நோகும் என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. "இந்தக் கண்ணு சரியில்லனா நான் எதுக்குடி கடைக்கு வரணும்?" என்று நீ விளையாட்டாகச் சொன்னது என் காதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நீ பையை மடித்து வைத்துக்கொண்டு மகள் வீட்டோடு இருந்துவிட்டால் இந்தக் கடையில் நான் யாரோடு சண்டை போடுவேன்? பயந்துபோய்ச் சும்மா இருந்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது உன் மகள்தான். ஒரு காலில் கருப்புச் செருப்பும் மறு காலில் நீலச் செருப்புமாக நீ பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்துவிட்டுக் கையோடு டாக்டரிடம் இழுத்துப்போனாள். முதலில் ஒரு கண்ணுக்கு அறுவை. கட்டு அவிழ்த்த மறுவாரம், கிளேபாங் கடற்கரைக்குப் போகலாம் என்று அடம்பிடித்தாய்.

அங்கே மணலில் நின்று ஒரு கண்ணைக் கையால் பொத்தினாய், பிறகு மறு கண்ணை. மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டே இருந்தாய்.

"வானம் இவ்ளோ நீலமாடி? இந்தக் கண்ணுல டீத்தண்ணி மாதிரி இருக்கு, இந்தக் கண்ணுல பாரேன்!"

சிரித்தாய். சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்போ இத்தன நாளா நான் பொருத்துனதெல்லாம் என்னாடி? உன் கண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரிஞ்சுச்சு?"

அதுதான் சமயம். நீயே கதவைத் திறந்து விட்டிருந்தாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் உன்ன மாதிரியேதான் தெரிஞ்சுச்சு" என்றேன்.

நீ பதறிவிட்டாய். "ஐயோ, அப்போ உனக்கும் இருக்குடி!" மறுநாளே எனக்கு நாள் வாங்கிவிட்டாய். ரிப்போர்ட் வந்தால் என் பொய் உடைந்துவிடும். வேலை இருக்கிறது, காய்ச்சல், மழை என்று நாள் கடத்தினேன். ஒரு விடிகாலையில் உன் மகள் போன் செய்தாள். மாரடைப்பு என்றாள். மறு கண் அறுவைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இன்று பார்த்தவள் சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண்தான். விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ரெண்டு கண்ணும் நல்லா இருக்குலா. புரை ஒண்ணும் இல்ல. யாரு செக் பண்ணச் சொன்னா?"

"என் கூட்டாளி."

"பயப்பட வேணாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன். என் கண்ணில் ஒன்றுமில்லை. கிளேபாங்கில் நின்றபோதும் இல்லை, அந்த வெள்ளைப் பட்டை நீ விரித்தபோதும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். திட்டு. நீ வாய் வலிக்கத் திட்டினால்தான் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியும் போலிருக்கிறது. அன்று வெயிலில் "இல்லடி, இது வேற வெள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வருஷமே உனக்கு அறுவை முடிந்திருக்கும். இரண்டு வருஷம் இரண்டு கண்ணாலும் வானத்தைப் பார்த்திருப்பாய். உனக்குக் கிடைத்தது ஒரு கண், மூன்று வாரம். மிச்ச நீலத்தையெல்லாம் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் பக்கத்திலேயே நின்று.