எங்க வயலும் உங்க வயலும்

குடவாசல்,
ஐப்பசி 12.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கலைமகள் எழுதுவது. உங்கள் அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. ஒழுகிய கூரையைச் சரிசெய்தாயிற்று. நான் மட்டும் நலமில்லை, உங்கள் மேல் கோபத்தில் இருக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீங்களும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் நாகூர் ஃபஹத் தம்பி லீவு முடிந்து காம்பியாவுக்குக் கிளம்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நடவுப் படத்தைக் காட்டினார். முழங்கால் சேற்றில் நாற்றுக்கட்டோடு நிற்கிறீர்கள். பக்கத்தில் அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி பிந்தா. இரண்டு பேருக்கும் வாய்கொள்ளாச் சிரிப்பு. இங்கே வேளாண்மை அதிகாரியாக இருந்தபோது நம் வயலுக்கு வந்தால் வரப்போடு நின்றுவிடுவீர்கள், பேன்ட் அழுக்காகுமென்று. ஆப்பிரிக்கச் சேறு மட்டும் சந்தனமா?

போன வாரம் போனில், “எங்க வயல்ல கதிர் வந்துடுச்சு, உங்க வயல் எப்படி இருக்கு?” என்று கேட்டீர்கள். தவறிக்கூட ‘நம்ம வயல்’ என்று வரவில்லை. அந்த ‘எங்க’வில் பிந்தா இருக்கிறாள், ஃபஹத் இருக்கிறார், நான் இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? அவள் மேலும் பொறாமை, அந்த ஊர் ஆற்றின் மேலும் பொறாமை.

கேட்டீர்களே, சொல்கிறேன். நட்ட சம்பா மழையில் மூழ்கிக் கிடக்கிறது. வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை. நேற்று நானும் பக்கத்து வயல் கண்ணாத்தாள் அக்காவும் இறங்கி இழுத்துப் போட்டோம். அங்கே நெல் நடவும் வாய்க்கால் வெட்டவும் நம் அரசாங்கம் உங்களை அனுப்பியிருக்கிறது, இங்கே கேட்பாரில்லை.

உங்கள் அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் பால்பவுடரைக் கரைத்துக் குடித்து வளர்ந்தவர் அல்லவா? “அன்னைக்கு அவங்க குடுத்தாங்க, குடிச்சோம். இன்னைக்கு எம்புள்ள போயி குடுக்குறான். நாடு வளந்துடுச்சுய்யா” என்று டீக்கடையில் ஒருவரையும் விடுவதில்லை. நாடு வளர்ந்தால் புருஷன் வீட்டில் இருக்கமாட்டான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், நீ சரி என்றால் இருக்கிறேன் என்றீர்கள். சரி என்று என்னால் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிந்தாவுக்கு மூன்று பிள்ளைகளாம், அந்த வயலை நம்பித்தான் அடுப்பு எரிகிறதாம். அவள் புருஷனும் எங்கோ கடல் தாண்டிப் பிழைக்கப் போனவனாம், ஃபஹத் சொன்னார். அதைக் கேட்டபிறகு அவளை மனதாரத் திட்டக்கூட முடியவில்லை. அது வேறு எரிச்சல்.

விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். பிந்தாவின் வயல் ஒன்றுக்குப் பத்தாய் விளையட்டும். அந்த நாடு சீக்கிரம் செழிக்கட்டும். இனி எங்களுக்கு யார் உதவியும் வேண்டாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று அவளே உங்களிடம் சொல்லுமளவுக்குச் செழிக்கட்டும்.

என்றும் உங்கள்,
கலைமகள்.