அழித்த பிறகும் இருக்கும் பாஸ்வேர்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

அஜிஷாவின் தோத்திரம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் சுகம். ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், சின்னத் தப்புதான். நம் ஊர்க்காரர்களின் போனுக்குக் கடல் நிலவரம் மெசேஜாக வருகிறதல்லவா? அந்த புரோகிராமை யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று எங்கள் கம்ப்யூட்டர் வாத்தியார் ஷாஜன் சாரும் நானும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறோம். ஏற்றியதும் அது தானாகவே சர்வரில் ஓடத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை அவசரத்தில் மெசேஜ் அனுப்பும் பாஸ்வேர்டையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். இன்றுதான் கவனித்து அழித்தேன்.

"அழிச்சாச்சுல்லா, பின்ன என்னத்துக்கு ஏட்டி பேடிக்குதே?" என்று என் பயத்தைக் கண்டு கேட்டாள் பக்கத்துக் கட்டில் ரெஜிஷா. ஆனால் பழைய பிரதிகள் அங்கே அழியாமல் இருக்கும். யாரோ ஒருவர் அதைப் பிரதி எடுத்திருப்பதாகவும் காட்டுகிறது. காற்று எச்சரிக்கை உள்ள இந்த நேரத்தில் அவர் "கடல் அமைதி" என்று அனுப்பினால் எல்லோரும் நம்புவார்கள். பாஸ்வேர்டை மாற்ற சாரால்தான் முடியும். சொன்னால் கம்ப்யூட்டர் அறைக்குள் விடமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் மீன் வண்டி லிஜின் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுவேன். மெசேஜை நம்பி அப்பா கடலுக்கு இறங்க வேண்டாம். அண்ணனிடம் நெத்திலிக் கருவாடும், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

அம்மா, இது உங்கள் கைக்கு வர ஏழு மணியாகும். அப்பா நாலு மணிக்கே இறங்கிவிடுவார். இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வார்டன் சிஸ்டர் அறையில் போன் இருக்கிறது. அப்பாவுக்கும் சாருக்கும் இப்போதே சொல்லிவிட, போய்க் கதவைத் தட்டுகிறேன்.

உங்கள் மகள்
அஜிஷா