இரண்டாவது கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், மனசளவில் யாரும் சுகமில்லை, நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, முகம்தான் இன்னும் வீங்கியிருக்கிறது, யார் பேசினாலும் எரிந்து விழுகிறார். உன் தம்பி வேலைக்குப் போகிறான், வருகிறான், அப்பா இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. நேற்று பசுமைக்குடிலில் இருந்த ஆர்க்கிட் செடிகளில் நோய் பிடித்த நூற்றெண்பதை வேரோடு எடுத்து வெளியே போட்டுக் கொளுத்தினோம். பச்சைச் செடி லேசில் எரியவில்லை, சாயங்காலம் வரை புகைந்துகொண்டே கிடந்தது. பதினெட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த தாய்ச்செடிகளும் அதில் போயின.

போன மாதம் அப்பா உன்னைப் போனில் அந்தக் கத்து கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். அதோடு விடாமல், "எம் பொண்ணு செஞ்ச சோதனைப் பட்டையே தப்பு, மூணு மாசம் முன்னாடி நல்லா இருக்குன்னு காட்டின செடிக்கெல்லாம் இப்ப வைரஸ்னு காட்டுது" என்று செடி வளர்ப்போர் சங்கத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார். அதனால் உன் ஆய்வுக்கூடத்தில் உன் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். அந்தப் பட்டையில் தடவ, அந்த வைரஸை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடியை நாலு வருஷம் கண்விழித்து உருவாக்கினாய், இப்போது அதில் எங்கே கோளாறு என்று தேடிக்கொண்டிருக்கிறாயாம். தேடாதே கண்ணு. கோளாறு அதில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

முதல் தடவை சோதனைக்கு இலை வெட்டியது நான்தான். ஒரு செடிக்கு ஒரு பிளேடு என்று எழுதி, பட்டைகளோடு எண்ணி முந்நூறு பிளேடு அனுப்பியிருந்தாய். ஒரு துணுக்கு இலைக்கு ஒரு புது பிளேடா, எதற்கு வீணாக்க வேண்டும் என்று அவற்றை டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, என் கத்தரிக்கோலாலேயே முந்நூறு செடியிலும் வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் துடைத்தேன், அது போதும் என்று நினைத்தேன். அன்று பட்டையில் நோய் உண்டு என்று காட்டும் இரண்டாவது கோடு விழுந்தது மூன்றே செடிக்கு, அந்த மூன்றையும் அன்றே எரித்துவிட்டோம். போன மாதம் மறுபடி சோதித்தபோது அப்பா நீ எழுதியபடியே அச்சுப் பிசகாமல் செய்தார். பிளேடு எப்படி இத்தனை மிச்சம் என்று கேட்டார், அவள் கூடுதலாக அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். திட்டுக்குப் பயந்து சொன்ன பொய்.

நேற்று செடிகளைப் பிடுங்கும்போதுதான், அன்று வெட்டிய வரிசையை நான் எழுதி வைத்த நோட்டைப் பிரித்தேன். அன்று எரித்த மூன்றில் முதலில் வெட்டிய நூற்றுப்பதினாறாவது செடிதான் முதல் நோயாளி. அதற்கு முன்னால் வெட்டிய ஒன்றுக்குக்கூட இன்றுவரை நோய் இல்லை. பின்னால் வெட்டியதில் தப்பியது இரண்டே இரண்டு. உன் பட்டை இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, கத்தரிக்கோலில் ஒட்டிய சாற்றோடு செடிக்குச் செடி நோயைக் கொண்டுபோய் வைத்தது நான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தையும் கூட வைத்திருக்கும் நோட்டுப் பக்கங்களையும் உன் மேலதிகாரியிடம் காட்டு. அம்மாவின் மானம் போகுமே என்று ஒளித்து வைக்காதே. கோபத்தில் பட்டினி கிடக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நீ எடுத்த காரியம் நல்லபடி முடிய என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் அவரிடம் சொன்னால், சங்கத்தில் தலைகாட்ட முடியாது என்று இதை அனுப்பவே விடமாட்டார். தபாலில் போட்டுவிட்டு வந்து அவர் எதிரில் உட்காரப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா