உங்கள் காதில் நான் ஓதிய பெயர்

இன்று காலை உடுமலை பேருந்து நிலையச் சுவரில் உங்களைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. பசை இன்னும் காயவில்லை. 'பெயர் சொல்லி அழைத்த தலைவர்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெயர்களையெல்லாம் சொன்னது நானல்லவா?

பதினெட்டு வருடம் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றேன். யாராவது எதிரே வந்தால் நீங்கள் காதைச் சற்றுச் சாய்ப்பீர்கள், நான் பெயரை ஓதுவேன். "ஏனுங்க பழனிச்சாமி, மாடு கன்னு போட்டுதுங்களா?" என்பீர்கள். அவர் உருகிப்போவார். இரண்டு முறை சட்டமன்றம், அப்புறம் டெல்லி. எழவு வீடுகளில்தான் உங்கள் ஓட்டு விளைந்தது. இறந்தவர் பெயரைச் சொல்லி நீங்கள் விம்மினால் ஊரே விம்மும்.

முதல் தேர்தலிலிருந்து என் வீட்டில் சாப்பிட்டீர்கள்; படியேறும்போதே அவள் பெயரையும் ஓதிவிடுவேன். "அம்மணி, இந்த அரிசிம்பருப்புச் சோறு டெல்லில கெடைக்குமா?" என்று என் மனைவியிடம் மறுபடியும் கேட்டு வாங்குவீர்கள். நீங்கள் போன பிறகு அவள் பூரிப்போடு சொல்வாள்: "அண்ணன் எம்பட பேர எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டாருங்க."

அவள் இறந்த அன்று வந்தீர்கள். மாலையை வைத்துவிட்டு, வழக்கம்போல் காதை என் பக்கம் சாய்த்தீர்கள். அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது. அத்தனை வருடம் அவள் கையால் சாப்பிட்டவர். "ருக்மணி" என்றேன். அவள் பெயர் தெய்வானை.

"ருக்மணி அம்மணி, எங்கள உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!" என்று கதறினீர்கள். அவளுடைய அண்ணன்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் ஓடியது. அடுத்த தேர்தலில் உங்களுக்கு சீட் இல்லை. அப்போதும் நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை. "எங்காதுதான் மந்தமாப் போச்சு கண்ணு" என்று கோவைக்குப் போய்க் காது மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ரசித்தேன்.

நான் சொன்னது என் மகளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்: "அவருக்குத்தான் தெரியாதுங்கப்பா. நீங்க எதுக்கு அம்மாவ அடுத்தவங்க பேருல அனுப்பி வெச்சீங்க?" அதன்பின் அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை.

உங்களுக்காக இன்று அழுகை வரவில்லை. அதில் வருத்தமுமில்லை. ஆனால் அன்று அவளுக்காகவும் நான் அழவில்லை. நீங்கள் எப்போது வாய் திறப்பீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது அவளைத் தூக்கிவிட்டார்கள்.