உம்முடைய தொட்டிக்குப் புது விளக்கு

மச்சாள்,

உம்முடைய மீன்தொட்டியின் விளக்கு இந்தக் கிழமை பழுதாய்ப்போனது. இரண்டு நாள் மினுக்கி மினுக்கிப் பார்த்துவிட்டு ஒரேயடியாக நின்றுவிட்டது. மழைத் தூறலோடு இல்ஃபர்ட் கடைத்தெரு வரை போய், முன்பு நாம் இருவரும் போன அதே கடையில், விளக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டின் முன்னால் நின்றேன். தண்ணீரும் பாசியும் கலந்த அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும், நீர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பதாகவே பட்டது. கடைப்பெண் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "வெளிச்சம் செடிகளுக்கா, அல்லது நீங்கள் பார்த்து ரசிப்பதற்கா?"

அவள் தொழில் முறையில்தான் கேட்டாள். நான்தான் கையில் எடுத்த பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தேன். அந்தக் கேள்வியை வைத்துத்தானே நாம் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடித்தோம்.

வேலையை விட்ட வருடம் நீர் தொட்டி வாங்கப் போவதாகச் சொன்னபோது, உம்முடைய அண்ணை, அதுதான் என் மனுசன், "குழம்புக்கோ, கூட்டாளிக்கோ?" என்று கேட்டுச் சிரித்தார். நீர் கோபிக்கவில்லை. மீன் உமக்குப் பெரிய விஷயமே அல்ல. தண்ணீருக்குள் உயிருள்ள செடி அசைய வேண்டும், அதுவும் சிவப்பாக அசைய வேண்டும். அவ்வளவுதான் உமது ஆசை. செவன் கிங்ஸில் உம்முடைய வீட்டு முன்னறையோ வடக்குப் பார்த்தது. கோடையில்கூட வெயில் எட்டிப் பார்க்காத அறை. கடையில் அன்று இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: சிவப்புச் செடிக்குப் பலமான வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் கூடினால் உரமும் காற்றும் அதற்கேற்றபடி கூட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பாசி தின்றுவிடும். முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு மங்கலான ஓடைகளில் வளரும் செடிதான் நல்லது என்று ஒன்றை எடுத்துக் காட்டி, இது இலங்கையிலிருந்து வந்த இனம் என்றார். நீர் என் காதுக்குள், "அப்ப உதுக்கும் விசா குடுத்திட்டினம்" என்றீர். நான் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் தன்னைத்தான் பகிடி பண்ணுகிறோம் என்று நினைத்திருப்பார்.

இரண்டையும் வாங்கினீர். சிவப்பையும் வாங்கினீர், ஓடைச் செடியையும் வாங்கினீர். விளக்கு மட்டும் கலியாண மண்டபத்துக்கு வாங்குவதுபோல இருந்ததிலேயே பெரியது.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு எல்லாம் ஒரே ஞாயிறாகத்தான் தெரிகிறது. பூசை முடிந்து உம்முடைய வீட்டுக்கு வருவோம். அண்ணை சோபாவில் சாய்ந்து குறட்டை விடுவார். வெளியே நாலு மணிக்கே இருட்டிவிடும். திரையை இழுத்துவிட்டு நாம் தேத்தண்ணிக் கோப்பையோடு தொட்டியின் முன்னால் இருப்போம். இலைகளின் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் பூத்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும். பேச்சு நின்றுபோகும். யார் கடைசியாக என்ன சொன்னோம் என்பதும் மறந்துபோகும். தேத்தண்ணி ஆறிப்போவதுகூடத் தெரியாமல், எந்த ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பும் இல்லாமல் இருந்திருக்கிறோம்.

பிறகு நான் வரும் ஒவ்வொரு முறையும் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்தது. காலையில் எழும்பியதும் போட்டால் படுக்கப் போகும்வரை எரியவிட்டீர். செடிக்கும் இருட்டு வேண்டும், அதுவும் கொஞ்சம் உறங்கட்டும் என்று நான் கத்துவேன். "இருண்டுபோய்க் கிடக்கு மச்சாள், இன்னும் கொஞ்சம் கூட்டுவம்" என்பீர். முதலில் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் வந்தன. பிறகு இலைகளில் மயிர்போலப் பாசி தொங்கியது. சொல்வழி கேளாத பிறவி என்று உம்மை நான் அண்ணையிடம் எத்தனை முறை திட்டியிருப்பேன்!

ஒரு ஞாயிறு அண்ணைக்கு வேலை. நான் தனியாக வந்தேன். தொட்டித் தண்ணீர் முழுவதும் கீரைக்கடையல்போலத் தடித்துப் பச்சையாகக் கிடந்தது. உள்ளே ஒரு மீன்கூடத் தெரியவில்லை. நீர் குனிந்து, விரலைக் கண்ணாடியில் வைத்து, "பாத்தீரோ, சிவப்பு என்ன மாதிரி எழும்பி நிக்குது!" என்றீர்.

நீர் காட்டியது சரியான இடம்தான். நட்ட இடம் உமக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "மச்சாள், உமக்குக் கண் தெரியுதோ?"

நீர் விரலை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னீர். "நடு தெரியேல்லை. ஓரத்திலை கொஞ்சம் தெரியுது. நல்ல வெளிச்சம் இருந்தால் ஒரு மாதிரிச் சமாளிப்பன்."

சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறியதையும், ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு தனியாகவே பஸ்ஸில் திரும்பி வந்ததையும் அன்றுதான் சொன்னீர். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. நாம் சண்டை பிடித்தது வெளிச்சத்துக்காக அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. நீர் அறையையே கொஞ்சங்கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தீர்.

"விளக்கு எரியட்டும். செடி போனால் போகட்டும், நீர் பாரும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நீரோ, "உள்ளுக்கு என்ன மிச்சம் இருக்குது, பாத்துச் சொல்லும்" என்றீர். வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து மாற்றினேன். சிவப்புச் செடி அழுகிக் குச்சியாய்ப் போயிருந்தது. ஓடைச் செடிக்கு மட்டும் வேரில் உயிர் இருந்தது.

"அப்ப விளக்கைக் குறையும்" என்றீர்.

"குறைச்சால் உமக்கு ஒண்டும் தெரியாது மச்சாள்."

"எனக்கு நீர் இருக்கிறீர். அதுகளுக்கு ஆர் இருக்கினம்?"

சில நாள் தொட்டியைக் கம்பளியால் மூடி வைத்தோம். பிறகு பாதி வெளிச்சம், அதுவும் பின்னேரத்தில் மட்டும். தண்ணீர் தெளிந்தது. ஆனால் மாற்றம் தாங்காமல் மிச்ச இலைகளும் கரைந்துபோயின. வெறும் மண்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான் கோட்டைக் கழற்ற முன்னரே கேட்பீர், "ஏதும் வந்திருக்கோ?" ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லலாமா என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். அது உமக்கு எப்படித்தான் தெரியுமோ, "உள்ளதைச் சொல்லும்" என்பீர். இல்லை என்பேன். சரி என்று தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடப் போவீர்.

ஒரு நாள் வந்திருந்தது. மண்ணோடு ஒட்டினாற்போல, சுருண்ட ஒரு இலை.

"என்ன நிறம்?"

"பச்சை."

"உதென்ன பதில்? எந்தப் பச்சை?"

நான் முழங்காலில் இருந்து, மூக்கு தொட்டிக் கண்ணாடியில் முட்ட முட்டப் பார்த்தேன். மாந்தளிர்போல இருக்கிறது, நுனியில் மட்டும் செம்பு நிறம், அடிக்கு வரவரப் பச்சை என்றேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்தீர். உம்முடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அன்றிலிருந்து அதுவே நம் வேலையாயிற்று. நான் பார்ப்பேன், நீர் கேட்பீர். மீனின் நிழல் எங்கே விழுகிறது, குமிழ் இலைக்கு மேலா கீழா, வேர் கல்லைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா? வாழ்நாள் முழுக்கச் சம்பளக் கணக்கு எழுதிய எனக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்பதற்கு மேல் வார்த்தை இருந்ததில்லை. உமக்குச் சொல்லிச் சொல்லியே பார்க்கப் பழகினேன். சில வேளை நான் சொல்லி முடித்ததும், "இப்ப எனக்கு நல்லாத் தெரியுது" என்பீர். என் கண்ணால் பார்த்ததைவிட உம் மூடிய கண்ணுக்குள் அந்தத் தொட்டி அழகாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வசந்தத்தில் உம்முடைய இதயம் நித்திரையிலேயே நின்றுபோனது. தொட்டியை அண்ணைதான் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். வைத்துவிட்டு அதன் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அறைக்குள் வந்தாலும் சுவர் ஓரமாகவே நடந்து போவார். தங்கச்சி கண் தெரியாமல் இருந்தது தனக்கு எல்லோருக்கும் கடைசியில்தான் தெரியவந்தது என்பது அவருக்கு ஆறாத புண்.

கடைப்பெண்ணுக்கு, "செடிகளுக்கு" என்றேன். இருந்ததிலேயே அடக்கமான விளக்கை வாங்கிவந்து பூட்டினேன்.

நேற்றுப் பின்னேரம் அது எரியத் தொடங்கியதும் வழக்கம்போல முன்னால் இருந்தேன். உம்முடைய ஓடைச் செடி இப்போது தொட்டியின் பாதியைப் பிடித்துவிட்டது. பார்த்துக்கொண்டே போனதில் வாய்விட்டுப் பேசியிருக்கிறேன். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அண்ணையின் சத்தம் வந்தது.

"ஆரோடை கதைக்கிறீர்?"

"உங்கடை தங்கச்சியோடை."

பகிடி பண்ணுவார் என்று பார்த்தேன். அவரோ ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அவவுக்குச் சொல்லுறமாதிரி எனக்குஞ் சொல்லும்" என்றார்.

சொன்னேன், மச்சாள். புது இலை ஒன்று பச்சையாக வந்திருக்கிறது என்று தொடங்கினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எந்தப் பச்சை?" என்று கேட்டார்.